கேள்வி – பதில்: மனிதனைப் பறக்கவிட்டவர்

சென்ற இதழில் ஒரு வாசகர், இன்றைய சூப்பர் ஹீரோ படங்களுக்கெல்லாம் மூலவர் யார் என்று கேட்டிருந்தார். ‘1978இல் சூப்பர்மேன் படத்தை இயக்கிய ரிச்சர்ட் டோனர் என்னும் வணிகப்பட இயக்குநர்’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரி போதாது என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் இப்பக்கம் முழுவதும் அவருக்கே.

டோனரை ‘வணிகப்பட இயக்குநர்’ என்று எழுதியிருந்தீர்கள். அது பாராட்டா, இடித்துரைப்பா? – சேலம் வாசகர்

பாராட்டுதான். நம்பவே முடியாத ஒரு கதையை, அது நடந்தே தீர்ந்தது என்பதுபோல் முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்லி, காசு கொடுத்து உள்ளே வந்தவரை இரண்டு மணி நேரம் நம்ப வைத்து அனுப்புவது எளிய வேலை அன்று. டோனர் அந்த வேலையை நாற்பத்தைந்து ஆண்டுகள் செய்தார்.

1930 ஏப்ரல் 24 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த அவர், முதலில் நடிகராகத்தான் விரும்பினார். தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் சிறு வேடம் கிடைத்தபோது, அதன் இயக்குநர் மார்ட்டின் ரிட், ‘உனக்குப் பிறர் சொல்வதைக் கேட்டு நடக்க வராது, ஆகவே நீ இயக்குநராகிவிடு’ என்று கூறித் தம்மிடமே உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அதன்பின் கலிபோர்னியாவுக்குச் சென்று விளம்பரப் படங்கள், பிறகு வாரத் தொடர்கள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்தார். ‘பெர்ரி மேசன்’, ‘தி ஃபியூஜிட்டிவ்’, ‘கெட் ஸ்மார்ட்’, ‘கோஜாக்’ என்று அவர் கைவைக்காத தொடர் குறைவு.

அவற்றுள் இன்றும் பேசப்படுவது ‘ட்விலைட் ஸோன்’ தொடரில் 1963 அக்டோபரில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயம். மனநலச் சிகிச்சை முடிந்து மனைவியுடன் விமானத்தில் ஊர் திரும்பும் ஒருவர், சன்னலுக்கு வெளியே இறக்கையின்மேல் ஒரு விகார உருவம் நின்று இயந்திரத்தைப் பிய்ப்பதைக் காண்கிறார். மற்றவர்கள் பார்க்கும்போது அங்கே எதுவும் இல்லை. வில்லியம் ஷாட்னர் நடித்த அந்த அரை மணி நேரக் கதை முழுவதும் ஓர் இருக்கை, ஒரு சன்னல், ஒரு திரைச்சீலை ஆகியவற்றுக்குள் நடக்கிறது. திரைச்சீலையை அவர் விலக்கும் கணத்தில், கண்ணாடியை ஒட்டி அந்த முகம் நிற்கும். பயத்தைத் தருவது அந்த வேடத்தின் ஒப்பனையைக் காட்டிலும், விலக்கலாமா வேண்டாமா என்று திரைச்சீலையின்மேல் தயங்கும் அந்தக் கைதான். பின்னாளில் டோனர் கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படங்களின் சூத்திரம் அந்தச் சிறிய சன்னலிலேயே இருக்கிறது.

‘தி ஓமன்’ பார்த்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பேயே வராத படம் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது? – திண்டுக்கல் வாசகி

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது அம்மா. பேய் வராததுதான் காரணம். தான் வளர்க்கும் சிறுவன் டேமியன் சாத்தானின் பிள்ளையோ என்று ஒரு தந்தை ஐயுறுவதுதான் கதை. டேவிட் செல்ட்சர் எழுதிய திரைக்கதையின் தொடக்க வடிவத்தில் குளம்புக் கால்கள் முதலான வெளிப்படையான சாத்தான் அடையாளங்கள் இருந்தன. டோனர் அவற்றை நீக்கச் சொன்னார். நடக்கும் ஒவ்வொரு மரணமும் தற்செயலாக நேர்ந்திருக்கலாம், குழந்தையின் தந்தைக்குச் சித்தம் கலங்கியிருக்கலாம் என்ற ஐயம் கடைசிவரை இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. பாதிரியார்மேல் இடிதாங்கிக் கம்பி விழுவதும், கைபிரேக் நழுவிய லாரியிலிருந்து கண்ணாடிப் பலகை சறுக்கிவந்து புகைப்படக்காரரின் தலையைக் கொய்வதும் நாளிதழில் விபத்துச் செய்தியாக வரக்கூடியவையே. அதனுடன், கண்ணியத்துக்கே பெயர்போன கிரிகரி பெக்கைத் தந்தையாக நிறுத்திவிட்டதால், அவர் நம்பத் தொடங்கும் இடத்தில் நாமும் நம்பிவிடுகிறோம்.

கடைசிக் காட்சியைக் கவனித்தீர்களா? சவ அடக்கத்தின்போது சிறுவன் டேமியன் திரும்பி நம்மைப் பார்த்துப் புன்னகைக்கிறான். அந்தப் புன்னகை நடிப்பே அன்று. சிறுவன் ஹார்வி ஸ்டீபன்ஸிடம் டோனர் கேமராவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, ‘சிரிக்கக் கூடாது, சிரித்தால் உன்னோடு பேசமாட்டேன்’ என்று திரும்பத் திரும்ப எச்சரித்தார். சிரிக்காதே என்று சொன்னால் எந்தக் குழந்தைதான் சிரிக்காமல் இருக்கும்? முதலில் அச்சிறுவனும் இறந்துபோவதாகத்தான் கதை இருந்தது. ஃபாக்ஸ் நிறுவனத் தலைவர் ஆலன் லாட் ஜூனியரின் யோசனையால் அவன் பிழைத்தான்.

1976இல் வெளிவந்த இப்படத்துக்கு முன் டோனர் எடுத்த மூன்று திரைப்படங்கள் வந்த சுவடு தெரியாமல் போயிருந்தன. நாற்பத்தாறாம் வயதில்தான் அவருக்கு வாழ்வு வந்தது. தமிழில் 1991இல் தக்காளி சீனிவாசன் இயக்கிய ‘ஜென்ம நட்சத்திரம்’ இந்தக் கதையின் வழிவந்ததே. அதைப் பார்த்துப் பயந்த தலைமுறையினருக்கு மூலம் இதுதான் என்பது தெரியாமலும் இருக்கலாம்.

‘சூப்பர்மேன்’ வெற்றி பெற்ற பிறகும் அதன் இரண்டாம் பாகத்திலிருந்து டோனரை நீக்கியது ஏன்? – கோயம்புத்தூர் வாசகர்

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

படத்தின் உரிமையை வைத்திருந்தவர்கள் அலெக்சாண்டர் சால்கைண்ட், அவருடைய மகன் இல்யா சால்கைண்ட் ஆகிய தயாரிப்பாளர்கள். இவர்கள் ஏற்கெனவே ‘தி த்ரீ மஸ்கிட்டியர்ஸ்’ என்று ஒரே படமாக எடுத்ததை இரண்டாக வெட்டி இரண்டு படங்களாக வெளியிட்டு, ஒரு படத்துக்கு மட்டும் சம்பளம் வாங்கிய நடிகர்களால் வழக்குக்கு உள்ளானவர்கள். சூப்பர்மேனின் இரண்டு பாகங்களையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவது என்பதும் அவர்களுடைய திட்டமே. முதலில் அமர்த்தப்பட்ட இயக்குநர் கை ஹாமில்டன், படப்பிடிப்பு இத்தாலியிலிருந்து இங்கிலாந்துக்கு மாறியபோது வரிச் சிக்கலால் விலக நேர்ந்தது. ‘தி ஓமன்’ ஓடிக்கொண்டிருந்த வேளையில் டோனருக்கு அழைப்பு வந்தது. சம்பளம் 10 லட்சம் டாலர்.

கைக்கு வந்த திரைக்கதையோ ஐந்நூறு பக்கத்துக்கு மேல். அதிலும் கேலி மிகுதி. வில்லன் லெக்ஸ் லூதரைத் தேடி அலையும் சூப்பர்மேன், மொட்டைத் தலையைப் பார்த்து ஏமாந்து, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கோஜாக்கைப் பிடித்துவிடுவதாகக்கூட ஒரு காட்சி இருந்தது. கோஜாக் தொடரையே இயக்கியவர் டோனர். இருந்தும் அந்தக் காட்சிக்கு அவர் சிரிக்கவில்லை. நண்பர் டாம் மான்கிவிட்ஸை அழைத்து எல்லாவற்றையும் திருத்தி எழுத வைத்தார். ‘மெய்போலத் தோன்ற வேண்டும்’ என்ற பொருள் தரும் ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதி, படக்குழுவினர் கண்ணில் படும்படி மாட்டி வைத்தார். அந்தப் பலகைதான் இப்படத்தின் உண்மையான திரைக்கதை என்பேன்.

பறப்பது மெய்போலத் தோன்ற வேண்டுமே! பொம்மையைப் பீரங்கியில் வைத்து எறிந்து பார்த்தார்கள், பறக்கும் மாதிரிகளை விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் ஸோரன் பெரிசிக் என்னும் தொழில்நுட்ப வல்லுநர் ஒரு வழி சொன்னார். வானத்தின் காட்சியைத் திரையில் வீசும் கருவியிலும், நடிகரைப் படம்பிடிக்கும் கேமராவிலும் ஜூம் லென்ஸ்களைப் பொருத்தி இரண்டையும் ஒன்றாக இயங்க வைத்தார். இரண்டும் சேர்ந்து நகரும்போது பின்னணி வானம் அளவு மாறாமல் நிற்கும். நடிகரின் உருவம் மட்டும் பெரிதாகும், அல்லது சிறிதாகும். நடிகர் இருந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தாலும், பார்ப்பவர்களுக்கு அவர் நம்மை நோக்கிப் பறந்து வருவதாகத் தோன்றும். ‘ஒரு மனிதன் பறக்க முடியும் என்று நம்புவீர்கள்’ என்பதைப் படத்தின் விளம்பர வாசகமாகப் போடும் துணிவு அதனால் வந்ததே.

ஆனால் கருவி மட்டும் போதாது. சூப்பர்மேனின் காதலியான நிருபர் லூயிஸ் லேனின் வீட்டுக் கூடத்தில், சூப்பர்மேனின் மாறுவேடமான கிளார்க் கென்ட்டாக நிற்கும் கிறிஸ்டோபர் ரீவ், அவள் அடுத்த அறைக்குச் சென்றதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எண்ணி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கூனியிருந்த முதுகு நிமிரும், தோள் விரியும், குரல் இறங்கிக் கனக்கும். சில நொடிகளில் வேறோர் ஆள் நிற்பார். பிறகு மனம் மாறிக் கண்ணாடியை மாட்டுவார். உடல் மீண்டும் சுருங்கும். எந்தத் தந்திரக் காட்சியும் இல்லாத இந்தச் சில நொடிகளுக்காகவே, பெரிய நட்சத்திரங்களை விட்டுவிட்டு முகம் தெரியாத நாடக நடிகர் ஒருவரைத் தேர்ந்தது சரி என்று ஆகிவிட்டது.

ஜீன் ஹேக்மனின் மீசைக் கதையையும் சொல்லாமல் நகர முடியாது. லூதர் வேடத்துக்கு மீசையை எடுக்க ஹேக்மன் மறுத்துக்கொண்டிருந்தார். ‘நீங்கள் எடுத்தால் நானும் என் மீசையை எடுக்கிறேன்’ என்றார் டோனர். ஹேக்மன் மழித்து முடித்ததும், டோனர் தம் மீசையை விரலால் பிடித்து உரித்து எடுத்தார். அது ஒட்டு மீசை! நல்ல வேளையாக ஹேக்மன் சிரித்துவிட்டார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். செலவும் நாட்களும் ஏறிக்கொண்டே போக, டோனருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. இடையில் தூதராக மஸ்கிட்டியர்ஸ் படங்களின் இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர் வரவழைக்கப்பட்டார். இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி முடிந்திருந்த நிலையில், முதல் பாகத்தை முதலில் முடித்து வெளியிடுவோம் என்று அதை நிறுத்தி வைத்தார்கள். 1978 டிசம்பரில் முதல் பாகம் வந்து உலகெங்கும் வசூலை அள்ளியது. வெற்றி விழாவோடு சமாதானமும் வந்திருக்க வேண்டும். வந்ததோ, இனி உங்கள் சேவை தேவையில்லை என்ற செய்தி. மீதியை லெஸ்டர் எடுத்தார். டோனர் எடுத்ததில் பலவற்றை மாற்றியும் எடுத்தார். ஹேக்மன் மறுபடப்பிடிப்புக்கு வர மறுத்ததால், சில இடங்களில் பதிலாளைப் பின்புறமாகக் காட்டிச் சமாளித்தார்கள். முந்தைய ஒப்பந்தத்தின்படி வசூலில் பங்கு கேட்கக்கூடிய, சூப்பர்மேனின் தந்தையாக நடித்த மார்லன் பிராண்டோவின் காட்சிகளையோ அடியோடு நீக்கிவிட்டார்கள்.

நியாயம் டோனர் பக்கம் என்பதே என் கருத்து. ஆயினும், செலவுக் கணக்கைப் பார்த்துக் கலங்கிய தயாரிப்பாளர்களின் வயிற்றெரிச்சலையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது.

அவர் எடுத்த இரண்டாம் பாகத்தை எங்கேனும் பார்க்க முடியுமா? – திருச்சி வாசகர்

முடியும். ரசிகர்கள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பயனாக 2006இல் ‘ரிச்சர்ட் டோனர் கட்’ என்ற பெயரில் அவருடைய வடிவம் குறுந்தகட்டில் வெளிவந்தது. பிராண்டோவின் காட்சிகளும் திரும்பின. ஆனால் அது முழுமையான படம் என்று எண்ணிவிடாதீர்கள். கிளார்க்கின் உண்மையை வெளிக்கொணர லூயிஸ் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, பிறகு அது குண்டில்லாத வெற்றுத் தோட்டா என்று சொல்லும் முக்கியமான காட்சியை டோனர் எடுக்கவே இல்லை. அதனால் ரீவும், லூயிஸாக நடித்த மார்கோ கிட்டரும் வேடத்துக்குத் தேர்வு பெறுவதற்காக நடித்துக் காட்டிய ஒத்திகைப் படச்சுருள்களையே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ரீவ் அதில் ஒல்லியாக இருப்பார். உடற்பயிற்சிக்கு முந்தைய உடம்பு அது. தலைமுடியும் ஷாட்டுக்கு ஷாட் மாறும். இருந்தும் அந்தக் காட்சி உயிரோடு இருக்கிறது. சூப்பர்மேன் உலகைப் பின்னோக்கிச் சுழற்றிக் காலத்தைத் திருப்பும் முடிவு முதலில் இரண்டாம் பாகத்துக்கென்று எழுதப்பட்டு, பிறகு முதல் பாகத்துக்கு மாற்றப்பட்டது. 2006 வடிவத்தில் அதுவே மறுபடியும் வருவதால், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும்.

‘லீத்தல் வெப்பன்’ படத்தில் அப்படி என்ன புதுமை? இரண்டு போலீஸ்காரர் கதை முன்னரே உண்டல்லவா? – நாகர்கோவில் வாசகர்

உண்டு. ஆனால் 1987இல் வந்த இப்படத்தில், ஷேன் பிளாக் என்ற இளைஞர் எழுதிய கதையின் நாயகனான ரிக்ஸ், மனைவியை இழந்து, கிறிஸ்துமஸ் காலத்தில் தனியே அமர்ந்து துப்பாக்கியை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறவன். அதிரடிப் படத்தின் நாயகனை அறிமுகம் செய்ய இதுவா இடம்! மெல் கிப்சன் அழுவதைக் கேமரா விலகாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். பிற்பாடு அவன் கூரையிலிருந்து குதிக்கும்போது நாம் கைதட்டாமல் பதறுவதற்கு அந்தக் காட்சியே காரணம்.

அவனுடைய கூட்டாளியான மர்ட்டாவின் வேடத்துக்கு டேனி குளோவரைச் சொன்னவர், நடிகர் தேர்வில் பெயர்பெற்ற மரியன் டவர்ட்டி. ‘அவர் கறுப்பினத்தவர் ஆயிற்றே’ என்பதுதான் டோனருக்கு முதலில் தோன்றியது, ‘அதனால் என்ன?’ என்று அந்த அம்மையார் கேட்டார். திரைக்கதையில் அப்பாத்திரத்தின் நிறம் பற்றி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை, அது தம் மனத்தில் இருந்த தப்பெண்ணம் என்று டோனரே பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மனைவி, மக்கள், ஐம்பதாம் பிறந்தநாள், குளியல் தொட்டி என்று அந்த வீடு அவ்வளவு நிறைவாக அமைந்ததால்தான் நான்கு பாகங்கள் வரை வண்டி ஓடியது. இரண்டாம் பாகத்தில் ரிக்ஸ் இறந்துவிடுவதாக பிளாக் எழுதியிருந்தார். டோனருக்கு மனம் வரவில்லை, அவனைப் பிழைக்க வைத்தார். கதைக்கு அது நல்லதா என்று கேட்டால் தயங்குவேன், கல்லாவுக்கு நல்லது.

அதே இரண்டாம் பாகத்தில் சூரை மீன் சாப்பிடாதே என்று பேசுகிறார்களே, அது எதற்கு? – தூத்துக்குடி வாசகர்

சூரை மீனுக்கு விரிக்கும் வலைகளில் டால்பின்கள் சிக்கி இறப்பதை எதிர்த்து அமெரிக்காவில் அக்காலத்தில் இயக்கம் நடந்தது. மர்ட்டா வீட்டார் அதில் சேர்ந்தவர்களாகக் காட்டப்படுகிறார்கள். டோனருக்குப் பிடித்த பொதுக் காரியங்கள் அவருடைய படங்களின் ஓரங்களில் இப்படி நுழைந்துவிடும். அந்த 1989 படத்தின் வில்லன்களே தென்னாப்பிரிக்கத் தூதரக அதிகாரிகள். நிறவெறி ஆட்சி அங்கே இன்னும் நடந்துகொண்டிருந்த காலம் அது. மர்ட்டா அந்தத் தூதரகத்துக்கே போய், தென்னாப்பிரிக்காவில் குடியேற விரும்புவதாக விண்ணப்பிக்க, மேசைக்குப் பின்னால் இருப்பவர் திகைத்து விழிக்கும் காட்சி, பல மேடைப் பேச்சுகள் செய்யாததைச் சிரிப்பால் செய்தது.

‘தி கூனீஸ்’ என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். குழந்தைகளை எப்படி நடிக்க வைத்தார்? – மதுரை வாசகி

பெரும்பாலும் நடிக்கவிடாமல்தான். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் கதையில் 1985இல் வந்த அப்படத்துக்காகப் பெரிய கடற்கொள்ளையர் கப்பல் ஒன்றை அரங்கத்துக்குள் கட்டினார்கள். படமாக்கும் கணம்வரை குழந்தைகள் கண்ணில் அதைக் காட்டவில்லை. தண்ணீரில் இருந்தபடி திரும்பிப் பார்த்தபோதுதான் முதன்முதலாகக் கண்டார்கள். வியப்பு மிகுதியில் கெட்ட வார்த்தை வந்து விழுந்து முதல் டேக் வீணாயிற்று என்று அப்படத்தில் நடித்தவர்களே பின்னர் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் அந்தப் பட்டாளத்தின் கூச்சலைத் தாங்கிய டோனர், படம் முடிந்ததும் ஓய்வெடுக்க ஹவாய்த் தீவிலுள்ள தம் வீட்டுக்குப் போனார். ஸ்பீல்பெர்க் சும்மா இருப்பாரா? அத்தனை குழந்தைகளையும் விமானம் ஏற்றி அந்த வீட்டு வாசலுக்கே அனுப்பி வைத்தார். அக்குழந்தைகளுள் ஒருவரான கீ ஹுய் குவான் 2023இல் துணை நடிகருக்கான ஆஸ்கர் பெற்றார்.

எல்லாம் புகழ்ச்சியாகவே இருக்கிறதே, அவர் தோற்ற படங்களே இல்லையா? – சென்னை வாசகர்

ஏராளம். ‘தி டாய்’ (1982) படத்தில் பணக்காரர் ஒருவர் தம் மகனுக்கு விளையாட்டுப் பொருளாக ஒரு கறுப்பினத்தவரை விலைக்கு வாங்குகிறார். ரிச்சர்ட் பிரையரின் திறமையாலும் அதை விழுங்க முடியவில்லை. ‘அசாசின்ஸ்’ (1995), பின்னாளில் ‘தி மேட்ரிக்ஸ்’ எடுத்த வச்சோவ்ஸ்கிகள் எழுதிய கதை. திருத்தி எழுதப்பட்ட வடிவத்தைப் பார்த்துத் தங்கள் பெயரே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவர்கள் மனம் வெறுத்தார்கள். காலப்பயணக் கதையான ‘டைம்லைன்’ (2003) பெருந்தோல்வி. ‘ரேடியோ ஃபிளையர்’ (1992) மட்டும் என்னைச் சங்கடப்படுத்துகிறது. தாமே எழுதிய கதையை முதன்முதலாக இயக்கத் தொடங்கிய ஓர் இளைஞரை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் டோனரை அமர்த்தினார்கள். பாதியில் நீக்கப்படுவதன் வலி என்ன என்று அவரைவிட அறிந்தவர் யார்? இருந்தும் ஒப்புக்கொண்டார், படமும் ஓடவில்லை.

கடைசிப் படமான ‘16 பிளாக்ஸ்’ (2006) தோல்விக் கணக்கில் சேராது. குடித்துக் குலைந்த ஒரு காவலர், ஒரு சாட்சியைப் பதினாறு தெருக்கள் தாண்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கதை. புரூஸ் வில்லிஸ் கால் தாங்கி நடப்பதைப் பார்த்தாலே நமக்கு மூச்சு வாங்கும். அடக்கமான, அழகான விடைபெறல். 2021 ஜூலை 5 அன்று தம் 91ஆம் வயதில் டோனர் மறைந்தார்.

ஆஸ்கர் வாங்கினாரா? – புதுச்சேரி வாசகர்

இல்லை, சிறந்த இயக்குநருக்கான பரிந்துரைகூடக் கிடைத்ததில்லை. அவருடைய படத்தில் வேலை செய்தவர்கள் வாங்கினார்கள். ‘தி ஓமன்’ படத்துக்காக ஜெர்ரி கோல்ட்ஸ்மித் பெற்ற இசை விருது, அந்த மேதை வாழ்நாளில் வாங்கிய ஒரே ஆஸ்கர்.

மார்வெல் படங்களுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே? – ஈரோடு வாசகர்

நேரடியாகவே உண்டு. டோனரும் அவர் மனைவி லாரன் ஷூலர் டோனரும் நடத்திய நிறுவனத்தில் எடுபிடி வேலைகளுக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்த மாணவர்தான், பிற்காலத்தில் மார்வெல் ஸ்டுடியோஸின் தலைவரான கெவின் ஃபைகி. லாரன் தயாரித்த ‘எக்ஸ்-மென்’ (2000) படத்தில் இணைத் தயாரிப்பாளராக அவர் தொழில் கற்றார். எதிர்முகாமான டிசி நிறுவனப் படங்களிலும் டோனரின் நிழல் உண்டு. ‘வொண்டர் வுமன்’ (2017) படத்தில் சந்துக்குள் துப்பாக்கி நீட்டப்படும் காட்சி, கிளார்க் கென்ட் யாரும் அறியாமல் தோட்டாவைக் கையால் பிடிக்கும் பழைய காட்சிக்குச் செலுத்தப்பட்ட வணக்கமே.

அவருடைய படங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் எதைச் சொல்வீர்கள்? – தஞ்சாவூர் வாசகி

எல்லோரும் சொல்லும் படங்களை விட்டுவிட்டு ‘லேடிஹாக்’ (1985) பாருங்கள் என்பேன். ஒரு பிஷப்பின் சாபத்தால், காதலி பகலெல்லாம் பருந்தாகவும் காதலன் இரவெல்லாம் ஓநாயாகவும் திரிகிறார்கள். எப்போதும் உடனிருந்தும் ஒருவரையொருவர் மனித உருவில் காண முடிவதில்லை. இரவு பகலாகும் ஒரு கணத்தில் மட்டும், ஓநாய் மனிதனாகி விழிக்க, அவள் இன்னும் பறவையாகிவிடாமல் இருக்க, பனியில் இருவரும் கை நீட்டுகிறார்கள். விரல் தொடுவதற்குள் சூரியன் வந்துவிடுகிறது. இத்தாலியின் மலைகளையும் பாழடைந்த கோட்டைகளையும் ஒளிப்பதிவு மேதை விட்டோரியோ ஸ்டோராரோ படம்பிடித்திருக்கும் அழகில், ருட்கர் ஹாயரும் மிஷேல் ஃபைஃபரும் உண்மையிலேயே சபிக்கப்பட்டவர்கள் என்று நம்பிவிடுவீர்கள். அப்படத்தின் தயாரிப்பாளர் லாரன் ஷூலர். டோனர் தம் வருங்கால மனைவியுடன் சேர்ந்து பணியாற்றியது அதில்தான்.

ஒரே ஒரு குறை, இசை. இடைக்காலக் குதிரைகள் ஓடும்போது எண்பதுகளின் சிந்தசைசரும் டிரம்ஸும் முழங்கும். அந்த இடங்கள் வரும்போது ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் காட்சிக்கு முன் மறக்காமல் கூட்டிவிடுங்கள்.